அண்ணனிடம் சம்பளம் கேட்பது

பிஸினஸ் அனலிஸ்ட் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். தம்பி, தங்கை என்று அழைக்கத்தான் வாய் வருகிறது. அடக்கிக்கொள்கிறேன். உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டே பதினோரு ஆண்டுச் சம்பளத்தைக் கோட்டைவிட்டவள் நான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. பிரிவுபசார விருந்தில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். இனி நேரத்துக்கு எங்கும் போக வேண்டாம் என்றான பிறகு கடிகாரம் கொடுப்பதுதானே உலக வழக்கம். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, இளையவர்கள் யாரும் என்னிடம் தொழில் நுணுக்கம் எதுவும் கேட்டதில்லை. தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து, "அக்கா, நம்ம வேலைக்கு உண்மையிலேயே எவ்வளவு காஜி கெடைக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். காஜி என்றால் இங்கே மலேசியாவில் சம்பளம். நல்ல கேள்விதான். எனக்கு அதைக் கேட்க உங்களைவிட ரொம்ப நாள் பிடித்தது.

பதில் இதுதான். ஒரே வேலைக்கு மூன்று விலை உண்டு. எங்கள் ஊர் சுங்கைப் பட்டாணியில் உட்கார்ந்து செய்தால் ஒரு விலை. பாலத்தைத் தாண்டிப் பினாங்குக்குப் போய் அதையே செய்தால் விலை ஏறும். கோலாலம்பூரிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்து அதையே ஆங்கிலத்தில் சொன்னால், முதலாளி எழுந்து நின்று கொடுப்பார். வேலை என்னவோ ஒன்றுதான். தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாத மேலாளருக்கும், யாருக்கு என்ன வேண்டும் என்ற கவலையே இல்லாத புரோகிராமருக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் திட்டு வாங்கி, அந்தத் திட்டை அழகாகத் தட்டச்சு செய்து இருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்.

சம்பளத்தை உயர்த்த என்ன செய்யலாம் என்று இணையத்தில் தேடிப் பார்த்திருப்பீர்கள். சான்றிதழ் வாங்கு, புது மென்பொருள் கற்றுக்கொள், வேலை மாறு என்று அழகாக வரிசை போட்டிருப்பார்கள். தப்பே இல்லை. நானும் சனி, ஞாயிறு பார்க்காமல் படித்து ஒரு சான்றிதழ் வாங்கினேன். அதற்கு அந்த வருடம் ஐம்பது ரிங்கிட் சம்பள உயர்வு கிடைத்தது. சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட அறுபது ரிங்கிட் ஆனது.

நான் வேலை செய்தது ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில். பாலிங் பக்கத்துச் சிறு தோட்டங்களிலிருந்து ரப்பர் பால் வாங்கிக் கையுறை செய்து ஏற்றுமதி செய்வார்கள். பொது மேலாளர் நம்மவர். சுங்கை லாலாங் தோட்டத்தில் என் அம்மாவும் அவர் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் மரம் சீவியவர்கள். நேர்முகத் தேர்வில் என் அப்பா பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து, "அட, நம்ம தங்கச்சியா?" என்றார். அத்தோடு நேர்முகத் தேர்வு முடிந்தது. அந்த நிமிடத்திலிருந்து அவர் எனக்கு அண்ணன். ஆயிரத்து அறுநூறு ரிங்கிட்டில் சேர்ந்தேன். அண்ணனிடம் பேரமா பேசுவார்கள்?

எங்கள் கம்பெனியில் ஊழியர் என்று யாருமே கிடையாது. எல்லோரும் குடும்பம். கூட்டம் நடக்கும்போதெல்லாம் இது சொல்லப்படும். குடும்பத்தில் வேலை செய்தால் பெருமை கிடைக்கும், பாசம் கிடைக்கும், ஓவர்டைம் மட்டும் கிடைக்காது.

ஆண்டுதோறும் சம்பள உயர்வுப் பேச்சு எப்படி நடக்கும் தெரியுமா? அலுவலகத்தில் நடக்காது. அண்ணன் என்னை எதிரே இருக்கும் மாமாக் கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு, அழைத்துப் போவார். ரொட்டி சானாய்க்கும், ஆற்றிய பால் தேநீரான தே தாரேக்கும் சொல்வார். அம்மாவின் முழங்கால் வலி, என் தம்பியின் லாரி லைசென்ஸ், கோயில் திருவிழா என்று பேச்சு போகும். நான் கடைசித் துண்டு ரொட்டியைக் குழம்பில் தொடும்போது, "இந்த வருசம் நூத்தி நாப்பது போட்டிருக்கேன் தங்கச்சி, யாருகிட்டயும் சொல்லாத" என்பார். அவர் வாங்கிக் கொடுத்த ரொட்டி வாயில் இருக்க, எந்த வாயால் போதாது என்பது? "தேங்க்ஸ் அண்ணே" என்று விழுங்குவேன்.

ஒரே ஒரு முறை துணிந்து கேட்டேன். எத்தனை மணிக்கு வருகிறேன், எத்தனை மணிக்குப் போகிறேன், மருத்துவ விடுப்பே எடுத்ததில்லை என்றெல்லாம் சொல்லி, பார்த்துச் செய்யுங்கள் என்றேன். அண்ணன் நெகிழ்ந்துபோனார். பார்த்தும் செய்தார். அந்த ஆண்டின் சிறந்த தொழிலாளர் விருது எனக்குத்தான். மேடையில் ஏற்றி மஞ்சள் தாள் சுற்றிய ஹாம்பர் கூடை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். உள்ளே ஒரு டின் மைலோ, இரண்டு பாக்கெட் பிஸ்கட், ஆரஞ்சு ரசம் ஒரு போத்தல். அம்மா அந்தக் கூடையை ஒரு மாதம் பிரிக்காமல் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் போனது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தரும நிலையத்தில் இடம் கிடைத்துவிட்டது, கட்டணத்தில் பாதிதான். ஆனால் ரத்தம் ஊற ஊசி, மருந்து, போக வர வண்டி எல்லாம் எங்கள் தலையில். தம்பி கொடுத்தான், நான் கொடுத்தேன், இருவருமாகச் சேர்ந்தும் மாதக் கடைசியில் ஓர் ஊசியைத் தள்ளிப்போட வேண்டி வந்தது. ஊசி தள்ளிப்போன வாரத்தில் அம்மா படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துகொள்வார். அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவது எனக்கு அவமானமாக இருந்தது. பதினோரு வருட அனுபவம், மூவாயிரத்து நூறு ரிங்கிட் சம்பளம், சுவரில் சான்றிதழ். அம்மாவுக்கு ஓர் ஊசி இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். பால் கொள்முதலுக்குப் புது சிஸ்டம் போடப் போகிறார்களாம். நல்ல பையன், வாசனைத் திரவியம் மட்டும் கொஞ்சம் தூக்கல். பாலிங்கிலிருந்து பால் எப்படி வருகிறது, யார் எடை போடுகிறார்கள், மழை நாளில் பாலில் தண்ணீர் கலந்திருந்தால் யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று மூன்று வாரம் என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கேட்டான். நான் சொன்னேன். அவன் எழுதினான். பிறகு அதையே வண்ணப் படங்களோடு எங்கள் இயக்குநர்களுக்கு விளக்கினான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுவாரம் அவனுடைய பில் என் மேசைக்கு வந்தது. அவன் எத்தனை நாள் வந்தான் என்று சரிபார்த்து நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவனுடைய இரண்டு நாள் கட்டணம் என் ஒரு மாதச் சம்பளம். நாளை எண்ணினேன், சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

முகம் கழுவும் இடத்தில் என்னைப் பிடித்தவர் கணக்குப் பிரிவின் தலைவி. பினாங்குக்காரர், தமிழ் முஸ்லிம். யாருக்கும் அக்காவாக இருக்க மறுத்து எல்லோருக்கும் மேடமாகவே இருந்தவர். அந்த பில் அவர் கையெழுத்துக்கும் போகும் என்பதால், நான் ஏன் அழுகிறேன் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பில்லப் பாத்து அழுதியா? நல்லா அழு. அந்தப் பையன் கேட்டான், குடுத்தாங்க. நீ கேட்டியா?"

"அண்ணன்கிட்ட எப்படி மேடம்..."

"அண்ணேன்னு கூப்புட்டுக்கிட்டு கேட்டீனா தங்கச்சிக்குக் குடுக்கற மாதிரிதான் குடுப்பாரு. தீவாளிக்கு ஒரு சேல. சம்பளம் வேணும்னா ஆபீஸ்ல ஒக்காந்து சார்னு கூப்புட்டுக் கேளு. நீ எவ்வளவு ஒழைச்சேன்னு சொல்லாத, ஒழைப்புக்கு ஹாம்பர்தான். நீ இல்லாட்டி கம்பெனிக்கு எவ்வளவு போயிருக்கும்னு ஒரே ஒரு தாள்ல எழுது. வேற எடத்துல உனக்கு என்ன வெலைன்னும் தெரிஞ்சிக்கிட்டுப் போ."

சொல்லிவிட்டு அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். சம்பள உயர்வு பற்றி நான் பெற்ற முழுப் பயிற்சியும் இவ்வளவுதான். கட்டணமும் இல்லை, சான்றிதழும் இல்லை.

பினாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு விண்ணப்பித்தேன். ஐயாயிரத்து இருநூறு தருகிறோம், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்லுங்கள் என்று கடிதம் வந்தது. சந்தோஷப்பட முடியவில்லை. பினாங்கு என்றால் விடிவதற்கு முன்னால் கிளம்பி இருட்டிய பிறகு வர வேண்டும். அம்மாவை நிலையத்திலிருந்து மதியம் அழைத்து வருவது நான்தான். தம்பி லாரியில் ஜொகூர் வரை போகிறவன். இங்கேயே இருந்தால் ஊசி இல்லை, அங்கே போனால் அம்மாவைக் கூட்டிவர ஆள் இல்லை. இங்கேயே இருந்து சம்பளம் ஏறினால்தான் உண்டு.

புதன்கிழமை காலை அண்ணன் அறைக் கதவைத் தட்டினேன்.

"வா தங்கச்சி. பசியாறிட்டியா? வா, எதுக்க போயி ரொட்டி சாப்புட்டுக்கிட்டே பேசலாம்."

"இல்ல சார். இங்கயே பேசலாம்."

பேனாவைக் கீழே வைத்தார். "என்னாம்மா சார்னு கூப்புடுற? நான் என்னா தப்பு செஞ்சேன்?"

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போனது. மன்னிப்புக் கேட்டுவிட்டு ரொட்டி சாப்பிடப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். மூன்றே விஷயம் எழுதியிருந்தேன். அதில் ஒன்று, எடைச் சீட்டைப் படம் பிடித்து அனுப்ப மட்டும் ஆலோசகர் விற்கப் பார்த்த ஒரு மென்பொருள். அதைத் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஏற்கனவே கைபேசியில் ஓசியிலேயே செய்துகொண்டிருக்கிறார் என்று காட்டி நான் தடுத்திருந்தேன். தாளின் கீழே, என் சம்பளம் ஐயாயிரம் ஆக வேண்டும் என்று இருந்தது.

அண்ணன் இரண்டு முறை படித்தார். "நீ எழுதினது எல்லாம் உண்மைதான். ஆனா கம்பெனி இப்ப ரொம்ப சூசாலா தங்கச்சி. ஆர்டர் கொறஞ்சி போச்சி."

சூசா என்றால் கஷ்டம். ஆலோசகருக்குக் கொடுக்க மட்டும் அந்தக் கஷ்டம் எங்கே போனது என்று கேட்டேன். "அது வேற பட்ஜெட்" என்றார். பட்ஜெட் விஷயத்தில் எங்கள் கம்பெனி கூட்டுக்குடும்பம் இல்லை, தனித்தனிச் சமையல் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பினாங்குக் கடிதத்தை வைத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு மெதுவாக, "நீ போயிட்டா அம்மாவ யாரு பாத்துக்குவா?" என்றார்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். குறித்துக்கொள்ளுங்கள். தாளில் இருந்ததோடு நிறுத்தியிருக்க வேண்டும். அம்மா என்ற சொல் காதில் விழுந்ததும் டயாலிசிஸ், ஊசி, படியில் உட்கார்ந்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அண்ணன் எழுந்துவிட்டார். "எப்பருந்து?"

"ஏழு மாசமா."

"ஏழு மாசமா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல." அவர் கண் கலங்கியது. அதில் நடிப்பு துளியும் இல்லை, அதை இன்றைக்கும் சொல்வேன். மேசையைச் சுற்றிவந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "ஊசி, மருந்து, வண்டி எல்லாம் சேத்து மாசம் எவ்வளவு ஆவுது? ஆயிரத்து ஐந்நூறா? ரெண்டாயிரமா? நான் குடுக்கறேன். என் சொந்தக் காசு. இதுக்கு ஏன் தாள் எழுதிக்கிட்டு, பெனாங்குக்கு ஓடிக்கிட்டு? உங்கம்மா எனக்கும் அம்மாதான்லா."

நான் கேட்ட உயர்வு ஆயிரத்துத் தொள்ளாயிரம். அவர் தன் பையிலிருந்து ரெண்டாயிரம் தருகிறேன் என்கிறார். தலையை ஆட்டினால் போதும், ஊசி வந்துவிடும்.

அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு என்னென்னவோ ஓடியது. இவர் கோபமாக இருக்கும் மாதத்தில் அம்மாவுக்கு ஊசி உண்டா? நாளைக்கு ஒரு திட்டத்தில் இவர் சொல்வது தப்பு என்று நான் கூட்டத்தில் எழுந்து சொல்ல முடியுமா? இந்தப் பணத்துக்கு சேமநிதி கிடையாது, போனஸ் கிடையாது, நன்றிக்கடன் மட்டும் மாதாமாதம் ஏறும். மூன்று விஷயம் எழுதிய அந்தத் தாள்? அதை மடித்துக் குப்பையில் போட வேண்டியதுதான். என் வேலைக்கு விலை இல்லை, என் அம்மாவின் நோய்க்குத்தான் விலை என்று ஆகிவிடும். இதெல்லாம் பெரிய கொள்கை என்று நினைக்காதீர்கள். பயந்துகொண்டுதான் சொன்னேன்.

"சார், அது அண்ணன் தங்கச்சிக்குக் குடுக்கறது. நான் இப்ப கம்பெனிகிட்ட கேக்கறேன். நான் செஞ்ச வேலைக்குக் கேக்கறேன்."

அவர் எழுந்து, மேசையைச் சுற்றிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். தாளை எடுத்து ஒரு கோப்புக்குள் வைத்தார்.

"சரி. கம்பெனி பதில் சொல்லும்" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மனிதவளப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. நான்காயிரத்து எழுநூறு. பினாங்குக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கணக்குப் பிரிவு மேடத்திடம் கடிதத்தைக் காட்டினேன். "முந்நூறு வெள்ளிய விட்டுட்டியே" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். வெள்ளி என்றாலும் இங்கே ரிங்கிட்தான். அவருடைய அகராதியில் அது பாராட்டு.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஓர் ஊசிகூடத் தள்ளிப்போகவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், நீங்கள் கேட்காமல் இருந்துவிடக் கூடாது என்பதற்காக. அலுவலகத்தில் கேளுங்கள், தாளோடு கேளுங்கள், தேவையைச் சொல்லாமல் வேலையைச் சொல்லிக் கேளுங்கள். இரக்கப்பட்டு யாராவது சம்பளத்துக்குப் பதிலாக வேறு எதையாவது நீட்டினால், கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். இணையத்தில் இதைப் போட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கு நான் என்ன கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், பாதிக் கணக்கு காட்டினால் நான் என்ன அனலிஸ்ட். அடுத்த வாரம் ஒரு நாள் நடைக்கூடத்தில் அவரைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் "அண்ணே" என்றேன். அவர் நின்று, மரியாதையாக, "சொல்லுங்க பூவான்" என்றார். பூவான் என்பது இங்கே மேடம் என்று மரியாதையாக அழைக்கும் மலாய்ச் சொல். அதன் பிறகு என் சம்பள உயர்வு ஆண்டுதோறும் சரியான தேதியில், சரியான விகிதத்தில், கடித உறையில் வந்தது. மாமாக் கடைக்கு யாரும் கூப்பிடவில்லை.

தவறாமல் தீபாவளிக்குக் குடும்பத்தோடு வந்து அம்மா வைத்த ஆட்டுக் குழம்பைச் சாப்பிடுகிறவர், அந்த வருடம் வரவில்லை. "அவரு ஏன் வரல?" என்று அம்மா கேட்டார். கோலாலம்பூரில் கூட்டம் என்றேன். மறுவருடம் சிங்கப்பூர் என்றேன். அதற்கடுத்த வருடம் அம்மா கேட்கவில்லை, ஆனால் அவருக்கென்று ஒரு டின் முறுக்கைத் தனியாக எடுத்து வைத்தார்.

நான் சம்பளம் கேட்டதில் தப்பில்லை. தப்பு அந்தக் கடிதம் வந்த வெள்ளிக்கிழமை மாலை நடந்தது. அலுவலகம் முடிந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போய், "அண்ணே, அம்மாவ வந்து பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பத்து நிமிட மோட்டார் சைக்கிள் ஓட்டம். நான் போகவில்லை. ஜெயித்த திமிர் கொஞ்சம், மறுபடி தங்கச்சி ஆக்கிவிடுவாரோ என்ற பயம் கொஞ்சம். அவரும் வரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று புரிய வைப்பதுதான் என் தொழில், ஆனால் அந்த இருவரில் ஒருத்தி நானே ஆனபோது எனக்கு அந்தத் தொழில் தெரியவில்லை.

நான்கு வருடம் கழித்து அம்மா தவறினார். அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் மூன்று நாள் துக்க விடுப்பு, சம்பளத்தோடு, அங்கீகரித்து மின்னஞ்சல் வந்தது. மதியம் ஒரு வேனில் பெரிய மலர் வளையம் வந்து இறங்கியது. கம்பெனியின் பெயர் அச்சடித்த நாடா, ஆங்கிலத்தில் இரண்டு வரி அனுதாபம். அதை அனுப்ப ஒப்புதல் கையெழுத்துப் போட்டது யார் என்று எனக்குத் தெரியும், அந்த நடைமுறையை எழுதியவளே நான்தான். வாசலில் ஒவ்வொரு வண்டி வந்து நிற்கும்போதும் அவர்தானோ என்று எட்டிப் பார்த்தேன். சவப்பெட்டியை மூடும்வரை பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வளையத்தைத் தூக்கி வைக்க இடம் தேடிக்கொண்டே, "இது யாரு அனுப்புனது, சொந்தக்காரங்களா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றேன். "நான் வேல செய்யற எடம்."